தொண்ணூற்று மூன்றில் கொதித்த தண்ணீர்

பூண்டு காயவைக்கும் சூரிய வெப்பப் பெட்டிதான் என் ஆராய்ச்சி. கண்ணாடி மூடி, கறுப்புத் தகடு, ஒரு சின்ன விசிறி, சூட்டைக் காட்டும் ஒரு மீட்டர். தகட்டின் சூடு காற்றுக்கு எவ்வளவு போகிறது, காற்றிலிருந்து பூண்டுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதினால் முனைவர் பட்டம். பெட்டியை மலைமேல் பள்ளங்கியில் ஒரு அக்கா வீட்டு வாசலில் வைத்திருந்தேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கொஞ்ச நிலத்தில் பூண்டு போட்டு, மற்ற நாளில் கூலிக்குப் போகிறவர்.

அவர்கள் பூண்டை அடுப்புக்கு மேலே கொத்தாகத் தொங்கவிடுவார்கள். தாளை, அதாவது கழுத்துத் தண்டை, திருகினால் சரசரவென்று சத்தம் வரவேண்டும், அப்போதுதான் இறக்குவார்கள். எனக்கு அது ஒரு அளவாகவே படவில்லை. விதைப் பூண்டு முழுவதையும் கேட்டு வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன்.

"அடுத்த போகத்துக்கு இதாந் தம்பி இருக்கு. பாத்துக்கங்க."

நாலாம் நாள் வந்து நின்றார்.

"கதவத் தொறந்து தாள ஒருக்காத் திருகிப் பாக்கட்டுமா?"

"வேணாங்க்கா, சூடு போயிரும். மீட்டர்ல நாப்பது டிகிரி காட்டுது, போதும்."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கணக்குப்படி நேரம் முடிந்ததும் நானே எடுத்து மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். பூண்டைத் தரையில் கொட்டி வைத்திருந்தார். எல்லாவற்றின் கழுத்திலும் கறுப்புப் பூஞ்சை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் பூண்டைக் கெடுத்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தேத்தண்ணி குடிங்க" என்று அடுப்பில் தண்ணீர் வைத்தார். கொதித்தது. ஏதோ தோன்றி, பையிலிருந்த கண்ணாடி வெப்பமானியை அதில் விட்டேன். தொண்ணூற்று மூன்று. மீட்டரின் கம்பியை விட்டேன். நூறு.

பெட்டி வைத்த அன்று மீட்டரை இதே அடுப்பில்தான் சரிபார்த்தேன், கொதிக்கிற தண்ணீரை நூறு என்று வைத்துக்கொண்டு. நான் பாலசமுத்திரத்துக்காரன், அடிவாரத்தில் ஏறக்குறைய நூறில்தான் கொதிக்கும். மலை ஏற ஏறக் கொதிநிலை குறையும் என்று வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். நான் நாற்பது என்று நம்பியது முப்பத்தேழு. அந்தச் சூட்டுக்கு நான் கொடுத்த நேரம் போதவில்லை, தாள் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன்.

"இங்கன தண்ணி வெரசாக் கொதிச்சிரும், பருப்புதான் வேகாது. குக்கர் இல்லாம முடியாதுன்னு மொத நாளே சொன்னேன்ல தம்பி."

சொன்னார்தான். நான் சிரித்துவிட்டு மீட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

என் எண்களைத் திருத்த ஒரு பெருக்கல் போதுமாயிருந்தது. பட்டம் கிடைத்தது. அந்தப் போகம் அவர் நிலம் சும்மா கிடந்தது என்று அவர் மகள் போனில் சொன்னாள். "அப்படியா" என்றேன்.

ஆய்வேட்டில் ஒரு வரியை மட்டும் திருத்தவில்லை: 'சோதனை முடியும்வரை பெட்டியின் கதவு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.' தேர்வாளர் அதன் ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார்.