பூஜை அறைக்குப் போன கம்பளம்

ஐரினுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரைப் பார்க்க மாட்டாள். அங்கிருப்பவர்களின் காலைப் பார்ப்பாள். எங்கே செருப்பை விடுகிறார்கள், எந்த மூலையில் சம்மணம் போடுகிறார்கள், எந்த நாற்காலியைச் சீந்துவதே இல்லை என்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பாள். மிஷன் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவள், அதை விட்டுவிட்டு வீடுகளை அலங்கரிக்க வந்ததே இந்த வேடிக்கைக்காகத்தான் என்று பழங்காநத்தத்தில் அவள் தெருவே சொல்லும்.

இடையில் வேலை பார்த்த அலங்காரக் கம்பெனியிலிருந்து விலகிச் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை, ராமமூர்த்தியின் புது ஃபிளாட். ஜவுளிக்கடைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம். அங்கேதான் சறுக்கல். காலி ஃபிளாட்டில் யாருடைய காலைப் பார்ப்பது? மனம்போன போக்கில் ஹாலுக்கு ஒரு கம்பளி விரிப்பு வரைந்தாள். மாம்பழ மஞ்சள், மிளகாய்ச் சிவப்பு, சோழவந்தான் வெற்றிலைப் பச்சை. வடக்கே கைத்தறியில் நெய்து வந்து விரித்ததும் அந்த வெள்ளை ஹாலுக்கே உயிர் வந்துவிட்டது. மதுரை வெயிலுக்குக் கம்பளியா என்று கேட்டவர்களை, ஏசி எதற்கு இருக்கிறது என்று வாயடைக்க வைத்தாள்.

இப்போது அந்த ஹாலின் படம் வேண்டும். மேலூர் ரோட்டில் புது விடுதி கட்டியவர், அதன் அலங்கார வேலையைத் தருவதற்கு முன், அவள் தனியாகச் செய்த ஒரு வீட்டின் ஹாலைச் சாயங்காலத்துக்குள் காட்டச் சொல்லியிருந்தார். காட்ட இது ஒன்றுதான். தவறினால் மறுபடியும் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

போட்டோகிராபர் ஆண்டிச்சாமியோடு ஃபிளாட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹாலில் வெறும் தரை.

"கம்பளம் எங்கே?"

ராமமூர்த்தியின் மனைவி ஸ்ரீலட்சுமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பூஜை ரூம்லக்கா. இம்புட்டு அழகா இருக்கு, அதுவும் கம்பளி. எங்களுக்குக் கம்பளின்னா மடி, சுத்தம். அதைப் போயி கால்ல போட்டு மிதிக்கிறதா? அவரு தினம் அதுல உக்காந்துதான் பூஜை பண்றாரு."

ஐரின் எட்டிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த மஞ்சளும் சிவப்பும் ஹாலில் இருந்ததைவிட எடுப்பாக இருந்தன. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"பத்து நிமிசம் ஹால்ல போட்டு எடுத்துக்குவோம்க்கா," ஆண்டிச்சாமி காதைக் கடித்தான்.

கேட்டால் தந்துவிடுவார்கள், தங்கமான மனுஷர்கள். ஆனால் அவர்கள் வாழாத ஹாலைப் படம்பிடித்து, இதுதான் நான் செய்த வீடு என்று எந்த முகத்தோடு காட்டுவது?

"பூஜை ரூம்லயே எடுக்கலாமா?" கேட்ட பிறகுதான் அவள் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது.

அதற்குள் ராமமூர்த்தியும் உள்ளேயிருந்து வந்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கேட்டிருக்கவே கூடாது என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

"தம்பி வாசல்ல நின்னு எடுக்கட்டும்," என்றார் ராமமூர்த்தி. "நீங்க உள்ள போயி அதுல உக்காருங்க மேடம். ஆளில்லாத படம் என்னத்துக்கு?"

"நான் போகலாமா சார்?"

"கம்பளிக்கு யாராலயும் தீட்டு கிடையாது மேடம். போங்க."

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள், பக்கத்து வீட்டுப் பூஜை அறைக்குள்கூட நுழைந்ததில்லை. கால் கழுவி வந்து உட்கார்ந்தாள்.

"சிரிங்கக்கா," என்றான் ஆண்டிச்சாமி. அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தையே அனுப்பினாள்.

'ஹால் கேட்டேனே?' என்று விடுதிக்காரரிடமிருந்து உடனே வந்தது.

'ஹாலுக்குத்தான் செஞ்சேன் சார். தப்பா நெனச்சுட்டேன். அவங்க அதைக் கொண்டுபோய் வச்ச இடம் இது.'

பிறகு வந்தது: 'நாளைக்கு வாங்க.'