மேசையில் விட்டுப்போன புத்தகங்கள்

அந்தக் கிளை நூலகத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தவளை வாசகர்கள் அலமாரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பீரோ மாதிரி உடம்போ என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஒட்டடைக்குச்சி. எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் கணினிப் பக்கம் திரும்பாமலே, மூன்றாவது அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு, நீல அட்டை, முதுகு கொஞ்சம் கிழிந்திருக்கும் என்று சொல்லிவிடுவாள். போய்ப் பார்த்தால் கிழிசல் உட்பட எல்லாம் சொன்னபடி இருக்கும். அதனால் வந்த பெயர்.

நூலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் காய்கறி மார்க்கெட், மறுபக்கம் பேருந்துப் பணிமனை. இரண்டு நீள மேசை, இருபத்தாறு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். சுற்றிலும் அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடுகள். ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர். வாசகர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். உறுப்பினர் அட்டை வேண்டுமானால் முகவரிச் சான்று வேண்டும். வீட்டுக்காரர்கள் எழுத்தில் எதையும் தர மாட்டார்கள். அட்டை இல்லாமல் புத்தகத்தை வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே அவர்கள் வேலை முடிந்து வந்து அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார்கள்.

படித்த புத்தகத்தை யாரும் திரும்ப அலமாரியில் வைக்கக் கூடாது. இது எல்லா நூலகத்துக்கும் உள்ள சட்டம்தான். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம். மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மாலை ஏழரைக்குக் கடைசி ஆள் இறங்கியதும் அலமாரியம்மா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருவாள். மேசையில் கிடப்பதையெல்லாம் அள்ளி, முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் சேர்ப்பாள். அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி. பதினோரு வருடமும் இது தவறியதில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தக் கிளையின் நூலகராக வேண்டும். பட்டம் இருந்தால்தான் அந்த நாற்காலி. அவள் கண் முன்னாலேயே மூன்று பேர் பட்டத்தோடு வந்து அதில் உட்கார்ந்தார்கள். எந்த விசிறிக்கு எந்தச் சுவிட்ச் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் அவள்தான் காட்டிக் கொடுத்தாள். மறு வாரமே அவர்கள் அவளுக்கு வேலை ஏவினார்கள். மூன்றாவதாக வந்தவன் இருபத்தொன்பது வயதுப் பையன். அவள் அவனை சார் என்பாள், அவன் அவளை அக்கா என்பான். நல்ல பிள்ளை. தனக்கு அடுத்த வருடம் மாற்றல் வரும், அதற்குள் நூலக அறிவியல் படித்து முடித்தால் உள்ளேயே வேலை பார்க்கிற ஆளுக்குத்தான் முன்னுரிமை என்று விதியை எடுத்துக் காட்டியவன் அவன்தான். அன்றைக்கே அஞ்சல் வழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். வயது நாற்பத்தொன்று.

வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் பள்ளியிறுதி படிக்கும் மகள், மறுபக்கம் அவள். மகளுக்கு வாய் நீளம்.

"நீ ஃபெயிலானா கவலப்படாதம்மா. நானும் ஃபெயிலாயி உனக்குத் துணைக்கு இருக்கேன்" என்பாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வருகிறவருக்கு வீட்டுக்குள் இந்தப் பரீட்சை அமளி வேடிக்கையாக இருந்தது. பகுப்பு எண் போட்டுப் பழகுவதற்காக அவள் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் அவர் டீ டம்ளரோடு நின்று, சர்க்கரை எந்த நம்பரில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று மகளை ஏவினார். சிரித்தாலும் அவர் அவளைத் தடுக்கவில்லை. மாலையில் காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் சத்தமில்லாமல் அவர் கைக்குப் போய்விட்டது.

கடைசிப் பருவத்துக்கு ஒரு செய்முறை அறிக்கை எழுத வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, கழித்தல். யாரும் தொடாத புத்தகங்களைக் கண்டுபிடித்து அலமாரியிலிருந்து நீக்கி, புதியவற்றுக்கு இடம் பண்ணும் வேலை. பாடப் புத்தகத்தில் வழி தெளிவாக இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார். கடைசி முத்திரை விழுந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால் கழிக்க வேண்டிய பட்டியலில் சேர். அந்த இளைய நூலகருக்கும் சந்தோஷம். கிளை தொடங்கிய நாளிலிருந்து யாரும் செய்யாத வேலை, தாராளமாகச் செய்யுங்கள் என்றான்.

நான்கு மாதம் வேலை செய்தாள். ஆறாயிரத்து எண்ணூறு புத்தகம். ஒவ்வொன்றையும் எடுத்து, தூசி தட்டி, சீட்டைப் பார்த்து, படிவத்தில் எழுதினாள். படிவத்தில் நெடுக்காக ஏழு பத்தி. ஆறாவது பத்தி, கடைசியாக வெளியே போன தேதி. ஏழாவது பத்தியின் தலைப்பு, நூலகத்துக்குள்ளேயே வாசிக்கப்பட்டது. அதற்கு அந்தக் கிளையில் எந்தப் பதிவும் கிடையாது. மேசையில் கிடக்கும் புத்தகத்தை யாரும் எண்ணியதில்லை. அவளே எண்ணியதில்லை, எடுத்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முதல் வாரமே இளைய நூலகரிடம் கேட்டாள். இதெல்லாம் தினம் படிக்கிறார்களே, எனக்குத் தெரியுமே, என்ன எழுதட்டும் என்றாள்.

"பதிவு இல்லன்னா கோடு போட்டுடுங்கக்கா," என்றான். "நமக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதினா அது அறிக்கை இல்ல, கதை. எக்ஸாமினர் கிழிச்சுடுவார்."

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. இத்தனை நாள் உதவியாளராக வாயால் சொன்னது போதும், இனி படித்தவளாகக் கையால் எழுத வேண்டும் என்று நினைத்தாள். கோடு போட்டாள். நான்கு மாதமும் ஏழாவது பத்தியில் கோடுதான்.

ஒரு நாள் பறவைகள் வரிசைக்கு வந்தாள். கடற்பறவைகள் பற்றிய தடிமனான புத்தகம் அதன் இடத்தில் இல்லை. எங்கே இருக்கும் என்று தெரியும். ஜன்னலோரம் கப்பல்காரர் வைத்திருந்தார். ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்தவர்; இப்போது பணிமனைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். மூட்டு வலியோடு படியேறி வந்து, வாரத்தில் நான்கு நாளாவது அந்தப் புத்தகத்தை விரித்துக்கொள்வார். எந்தப் பறவையை எந்தக் கடலில் பார்த்தேன் என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலே சொல்லுவார். அவர் எழுந்து போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் இன்னும் அவர் கைச்சூடு இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கடைசி முத்திரை ஒன்பது வருடத்துக்கு முந்தியது. ஆறாவது பத்தியில் அந்தத் தேதியை எழுதினாள். ஏழாவதில் கோடு.

அறிக்கை அச்சில் வந்தபோது அழகாக இருந்தது. மொத்தப் புத்தகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு, ஐந்து வருடமாகப் பயன்படுத்தப்படவில்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தாள். இளைய நூலகர் பெருமை தாங்காமல் ஒரு பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினான். அக்காவின் திறமை மேலே தெரிந்தால் பதவி கேட்கும்போது உதவும் என்று நினைத்தான். அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

ஆறு வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து. அவள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அறிக்கைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அடுத்து வரும் மாணவர்களுக்கு மாதிரியாக அதை வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். மகள் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். இரண்டாவது கடிதம் தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்கு வந்தது. பயன்பாடு மிகக் குறைவு என்று ஆய்வில் தெரியவந்திருப்பதால் கிளை இரண்டு மாதத்தில் மூடப்படும், நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள் மத்திய நூலகத்தோடு சேர்க்கப்படும் என்றிருந்தது. ஆய்வு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் அறிக்கையின் தலைப்பும் தேதியும்.

கடிதத்தைப் படித்த இளைய நூலகருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஏழரை ஆனதும் அவள் தள்ளுவண்டியை எடுத்தாள். அன்றைக்கு முதன்முறையாக எண்ணினாள். அறுபத்திரண்டு.

அப்புறம் தினமும் எண்ணினாள். ஒரு நோட்டில் புத்தகத்தின் எண், தேதி, மேசை எல்லாம் குறித்தாள். ஐந்து வாரத்தில் ஆயிரத்து எழுநூறு சொச்சம். அந்த நோட்டில் இருந்தவற்றில் முக்கால்வாசி, கழிக்க வேண்டும் என்று அவள் எழுதியவைதான். சில புத்தகங்கள் இருபது தடவை. நோட்டை எடுத்துக்கொண்டு விடுப்புப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஓர் அதிகாரி அம்மாள் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய அறிக்கையை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நான் எத நம்பறது, சொல்லுங்க."

இதை நம்புங்கள் என்று நோட்டைத் தொட்டுக் காட்டினாள். அப்படியானால் அதில் ஏன் கோடு போட்டீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். பதிவு இல்லை என்றாள். பதிவு செய்ய வேண்டியது யார் வேலை என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திரும்ப ஏதாவது பேசியிருக்கலாம். மூடப்போகிறார்கள் என்று அறிவித்த பிறகு எடுத்த கணக்கு செல்லாது, அந்த நேரத்தில் எந்த நூலகத்திலும் கூட்டம் வரத்தான் செய்யும், உத்தரவு மேலே போய்விட்டது என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கிளையை மூடிய வாரத்தில் நான்காயிரம் புத்தகங்களில் நீக்கப்பட்டது என்று முத்திரை குத்தும் வேலை அவளுக்குத்தான் வந்தது. அவளுடைய பட்டியல், அவளே குத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டில் கணவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். வேறு கிளையில் காலியிடம் வராமலா போகும் என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டார். மகள் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளை எடுத்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தாள். மறுநாள் முத்திரைக்குக் கைக்கு வந்த, புரட்டிப் புரட்டி நைந்துபோன பறவைப் புத்தகத்தை மட்டும் நல்ல நிலை என்று அலமாரியம்மா மாற்றி எழுதியிருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை உண்மையை விட்டுவிட்டோம், இப்போது பொய்யையும் எழுத வேண்டாம் என்று தோன்றியது. குத்தினாள்.

படித்த பட்டம் வீண் போகவில்லை. மத்திய நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகராக எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிச் சுவர், குளிரூட்டிய மண்டபம், அட்டையைக் காட்டினால் திறக்கும் தானியங்கிக் கதவு. மேசைமேல் அவள் பெயர்ப்பலகை.

நான்காவது மாதம் ஒரு மத்தியானம் வாசல் காவலாளி போனில் கூப்பிட்டார். அட்டை இல்லாத ஒருவர் அலமாரியம்மா என்று யாரையோ கேட்டு நிற்கிறார், இங்கே அப்படி யாராவது உண்டா என்றார். அவள் ஓடிப்போனாள். கப்பல்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

உள்ளே அழைத்துப் போக அவளுக்கு அதிகாரம் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாற, அவரே முந்திக்கொண்டார். படிக்க வரவில்லை, பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார். படியோரம் உட்கார்ந்தார்கள். மார்க்கெட்டைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றிப் பேசினார். சாயங்காலம் இப்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். பணிமனை வாசலில் உட்கார்ந்து பஸ்ஸை எண்ணுகிறேன் என்று சிரித்தார். பிறகு சொன்னார்:

"நம்ம எடத்துல யாருமே படிக்கறதில்லன்னு எவனோ எழுதிக் குடுத்துட்டானாமே. ஒரு நாளாவது வந்து பாத்திருப்பானா அவன்?"

"நான்தாங்க எழுதினேன்" என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் தலைகுனியாமல் இருந்தாள். தேதிச் சீட்டையும் ஏழாவது பத்தியையும் கோட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதியிலேயே அவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"போங்கம்மா. அந்தத் தம்பியக் காப்பாத்தறதுக்காக நீங்க பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறீங்க. யார் எத எடுத்து வெச்சிருக்காங்கன்னு கண்ண மூடிட்டுச் சொல்றவங்க நீங்க. உங்களால அப்படி எழுத முடியுமா?"

அவள் மறுபடியும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. பேருந்து போய்விடும் என்று எழுந்தார். அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். நல்ல மனசு உங்களுக்கு என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

அவர் பேருந்தில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அட்டையைக் காட்டினாள். கதவு திறந்தது.