ஓர் அங்குல மிராசுதார்

அந்த ஆளை நான் பன்னிரண்டு முறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஓர் அங்குல உயரம், ஈயம் கலந்த உடம்பு, எனாமல் பெயின்டில் முகம். மூக்கின் இடப்பக்கம் ஒரு மரு, வெற்றிலை போட்டுச் சிவந்த கீழுதடு, மீசையில் ஒரே ஒரு நரைக்கற்றை. இந்த மூன்றும் இருந்தால் போதும், அது அவர்தான். அவன்தான் என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அவரை அவன் என்று சொல்லி எங்களை வளர்க்கவில்லை. அந்த ஆத்திரமும் இதில் சேர்த்தி.

பொம்மைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் மாயாஜால நாவல்கள் படிக்கிறவர்களுக்காக, அவற்றில் வருவது போன்ற அரசர்கள், பூதங்கள், மந்திரவாதிகள், டிராகன்கள் எல்லாவற்றையும் சிறுசிறு உலோகப் பொம்மைகளாக வார்த்து விற்பார்கள். சாம்பல் நிறத்தில் மொட்டையாக வரும். வண்ணம் தீட்டுவது வாங்குகிறவர் பாடு. எண்பதுகளில் தஞ்சாவூரில் இதைச் செய்துகொண்டிருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தலையாட்டி பொம்மை விற்கிற ஊரில் இது என்ன கூத்து என்று கேட்டவர்களிடம் சும்மா பொழுதுபோக்கு என்று சொல்லிவைத்தேன். பொழுதுபோக்காவது மண்ணாங்கட்டியாவது. நான் பழிவாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிராமம் வலங்கைமான் பக்கம். தாத்தா அந்த ஆளின், அதாவது எங்கள் ஊர் மிராசுதாரின், பண்ணையில் கூலிக்கு உழுதவர். அப்பா ஒரு படி மேலே ஏறி, அதே நிலத்தில் ஆறு மாவைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம். குத்தகைதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா பல வருஷம் தயங்கினார். பெரியவர் மனசு கோணிவிடுமே என்பதுதான் அவர் கவலை. கடைசியில் அம்மாவின் பிடுங்கல் தாங்காமல் மனு கொடுத்தார். பெரியவரின் மனசு கோணத்தான் செய்தது. அவன் குத்தகைதாரன் இல்லை, என்னிடம் கூலிக்கு வேலை பார்க்கிற பண்ணையாள் என்று எதிர்மனு போட்டார்.

விசாரணைக்கு நானும் போனேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா இஸ்திரி போட்ட வேட்டியும் தோளில் புதுத்துண்டுமாக வந்தார். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். அது தேவையே இருக்கவில்லை. அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து அவர் அவ்வளவு அழகாகப் பேசினார். எந்த வருஷம் எந்த நெல் போட்டார், எந்த மடையில் தண்ணீர் வாங்கினார், விதை யார் வீட்டில் எடுத்தது, வெள்ளத்தில் அழுகியதற்கு மறுநடவு எப்போது நட்டது, எல்லாம் கையில் வைத்துப் பார்த்தமாதிரி சொன்னார். அதிகாரி தலையசைத்தபடி எழுதிக்கொண்டே போனார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மிராசுதார் உள்ளே வந்தார். தாமதமாக, செருப்புச் சத்தத்தோடு.

அப்பா எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போனது. முதுகு வளைந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் அதட்டவில்லை. நாற்பது வருஷமாக அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் அவர் உடம்பு என்ன செய்யுமோ அதை அன்றும் செய்தது. அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"குத்தகைதாரர்னா எதுக்குங்க இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

மிராசுதார்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒண்ணும் சொல்ல வேணாம் சார். அவனே சொல்றான் பாருங்க."

தீர்ப்பில் ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தது. வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ஆதாரம் ஏது? இருந்த ஒரே ஆதாரம் அப்பாவின் வாய்தான். அதை அவருடைய முதுகே பொய்யாக்கிவிட்டது. அடுத்த சம்பாவுக்கு அந்த ஆறு மாவில் வேறு ஆள் ஏர் கட்டினான். அப்பா மறுபடி கூலிக்குப் போனார், வேறு ஒரு பண்ணைக்கு.

நான் சென்னையில் பல் செட் செய்யும் படிப்பு முடித்து, தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு வைத்து, பல் அடுக்கி, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் செட்டாக ஆக்கித் தருவது என் வேலை. சென்னை ஹாஸ்டலில் என்னோடு அறையில் இருந்த ஒருவன், கடலோரத்து முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பையன், சிங்கப்பூரில் மாமாவின் பொம்மைக் கடைக்குப் போயிருந்தான். முதல் லீவில் வந்தபோது எல்லோருக்கும் சென்ட் பாட்டில் வாங்கி வந்தவன், எனக்கு மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு உலோகப் பொம்மைகளும், சின்னச் சின்ன டப்பாக்களில் பெயின்டும், செங்கல் தடிமனுக்கு ஒரு இங்கிலீஷ் நாவலும் கொண்டுவந்தான். பல்லுக்குள் வேலை பார்க்கிற கைக்கு இது சுலபம் என்றான்.

அந்த நாவலை அகராதியோடு நான்கு மாதம் படித்தேன். கண்ணில் படுகிற நிலமெல்லாம் தனக்கே வேண்டும் என்கிற கறுப்புக் கவசம் போட்ட ஒரு அரசன். அவனுக்கு முன்னால் முதுகு நிமிராத ஜனங்கள். எங்கிருந்தோ வருகிற ஒரு சாதாரணப் பையன் அவனைக் கொல்கிறான். அரசனின் கோட்டையும் குதிரையும் எனக்குப் புதிது. அரசன் புதிதில்லை.

பெட்டியில் அந்தமாதிரி ஒரு அரசன் இருந்தான். சிம்மாசனம், கிரீடம், முள் வைத்த கவசம். அடிப்பூச்சாக வெள்ளை அடித்து, கவசத்துக்குக் கறுப்பு பூசி, காய்ந்தபின் ஓரங்களில் வெள்ளிப் பெயின்டை லேசாகத் தேய்த்தேன். கடைசியில் முகம். ஒற்றை மயிர் நிற்கிற பிரஷ்ஷால் மருவை வைத்தபோது என் உடம்பு சிலிர்த்தது. கையில் இருக்கிறான் என்று தோன்றியது. ஆம், அங்கே அவன் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. மந்திரவாதி, எலும்புக்கூட்டுத் தளபதி, பன்றிமூக்குப் பூதங்களின் தலைவன், யார் வந்தாலும் அதே முகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் பல் பட்டறை மேஜையில் அவர்களை நிறுத்திவைத்து விதவிதமாகச் சாகடிப்பேன். ஒரு முறை டிராகன் வாயில் இடுப்புவரை கொடுத்துவைத்தேன். சாப்பாடு நன்றாக இறங்கும். கல்யாணம் ஆகாதவனின் கிறுக்கு என்று டாக்டர் நினைத்தார். ஆனாலும் காத்திருக்கிற பிள்ளைகள் அழாமல் வேடிக்கை பார்க்கட்டும் என்று, நோயாளிகள் உட்காருகிற முன்னறையிலேயே ஒரு கண்ணாடி அலமாரி வைத்துக் கொடுத்தார்.

பதினோரு பொம்மை ஆன சமயம், அந்த ஆளே வந்து சேர்ந்தார். பற்கள் எல்லாம் ஆட்டம் கண்டு முழு செட் வேண்டியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. எதற்குத் தெரிய வேண்டும்? அலமாரியின் முன் நின்றார். பார்க்கட்டும், தன் முகத்தைப் பார்த்துக் குமைந்து போகட்டும் என்று உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பார்த்தார். பார்த்தவர் பூரித்துப் போனார்.

சிம்மாசனத்து அரசனைச் சுட்டிக்காட்டி என்னைக் கூப்பிட்டு, தம்பி, இந்த ராஜாவுக்கு என் ஜாடை இருக்கிறதே என்று மீசையைத் தடவிக்கொண்டார். கவசத்தைப் புகழ்ந்தார், உட்கார்ந்திருக்கிற தோரணையைப் புகழ்ந்தார். டாக்டருக்கு வந்ததே தாராள மனசு! ஐயா எடுத்துக்கொள்ளட்டும் என்று என்னைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் அதை வெற்றிலைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். அவர் வீட்டு ஹாலில் இருக்கும் இப்போது, வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க.

பிறகு யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. பழிவாங்குகிறேன் என்று அவருக்கு நான் பதினோரு முறை பட்டாபிஷேகம் செய்திருக்கிறேன். வாளும் கவசமும் கொடுத்தால் எந்த மிராசுதாருக்குக் கசக்கும்? கொடியவன் என்று பெயர் எடுப்பதில் அவர்களுக்கு என்ன வெட்கம், அதுவும் ஒரு பெருமைதானே.

அவருடைய வாயின் அச்சு என் மேஜையில் இருந்தது. பல் செட்டில் ஒரு இழை உயரம் கூட்டிவைத்தால் போதும், ஆயுசுக்கும் சோறு மெல்ல முடியாமல் அவதிப்படுவார். இரண்டு நாள் அதையே நினைத்து மகிழ்ந்தேன். கை வரவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த செட்டுகளிலேயே சிறந்தது அவருடையதுதான். இதைச் சொல்ல இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

வேறு வழி தோன்றியது. புதுப் பொட்டலத்தில் மூட்டை சுமக்கிற ஒரு அடிமைப் பூதம் இருந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்காத பொம்மை. பல் செட் அறுக்கிற சின்ன ரம்பத்தால் மூட்டையை அறுத்து எடுத்தேன். கூர்க்காதுகளை அரத்தால் ராவித் தள்ளினேன். காலில் இருந்த பூட்ஸைச் சுரண்டி வெறுங்காலாக்கினேன். இடது கையை உடம்போடு ஒட்டி, கக்கத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை அப்பி, மடித்த துண்டாகச் செதுக்கி வெள்ளை அடித்தேன். முதுகுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. குனிந்தால் மட்டும் போதாது, தோள்கள் உள்ளே ஒடுங்க வேண்டும், கழுத்து நீளாமல் முகம் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். அதையெல்லாம் கண்ணை மூடினாலே பார்க்க முடிந்ததால் வேலை தப்பவில்லை. முகத்தில் மரு, சிவந்த உதடு, நரைக்கற்றை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

புதன்கிழமை அவர் செட்டை வாங்கிக்கொள்ள வருவதாக இருந்தது. அலமாரியில் முன்வரிசையில், அவர் கண்ணுக்கு நேராக அதை நிறுத்தினேன். இந்த முறை ஜாடை தெரியட்டும் என்று கறுவிக்கொண்டேன். அந்தத் துண்டையும் அந்த முதுகையும் பார்க்கிற ஒரு நொடி அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான்.

அதற்கு முன்னால், திங்கட்கிழமை, அப்பா வந்தார். பெரியாஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று என்னைப் பார்க்க வந்திருந்தார். ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது, மற்றதும் மங்கல். முன்னறையில் உட்காரவைத்து டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால், அலமாரிக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றுகொண்டிருந்தார். டீயை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னையாடா செஞ்சு வச்சிருக்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் விரல் போன இடத்தைப் பார்த்தேன். அவசரமாகச் சொன்னேன், இல்லையப்பா, முகத்தைப் பாருங்கள், மரு இருக்கிறது, அந்த ஆள்தான் அது, அவரைத்தான் இப்படி நிற்கவைத்திருக்கிறேன் என்று. பொம்மையை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன். முகம் அவருக்குத் தெரியவில்லை. கட்டை விரலால் அதன் முதுகை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"முகம் யாரோடதா இருந்தா என்ன. இது என் முதுகு."

பொம்மையைத் திருப்பிக் கொடுத்து டீயை வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல், ஊர்ச் சங்கதி சொல்கிறமாதிரி சொன்னார்.

"அன்னிக்கு வெளிய வந்ததும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டேன்டா. அதுக்கப்புறம் எந்தப் பண்ணையிலயும் எடுக்கல. நீ கோவத்துல விறுவிறுன்னு முன்னாடி நடந்துட்டே, பாக்கல. நீதான் என்னைய இன்னும் அங்கேயே நிக்க வச்சிருக்கே."

டீயைக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பட்டறையில் பொம்மையை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் பிடித்தேன். முதலில் அக்ரிலிக் துண்டு கருகி நாறியது. பெயின்ட் கொப்புளித்து முகம் போயிற்று. முதுகு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது.

புதன்கிழமை அந்த ஆள் வந்தார். செட்டை மாட்டிக்கொண்டு ஒரு சீவலைக் கடித்துப் பார்த்துச் சிரித்தார். பல் பிரமாதமாக உட்கார்ந்திருந்தது. அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அதன்பின் அவரை நான் செய்யவில்லை. அவரை அவமானப்படுத்த என்னிடம் அப்பாவின் முதுகைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.