பழுப்புத்தாளில் எடுத்த காலளவு

காலை எட்டரை மணிக்கு நான் செய்யும் முதல் வேலை, செருப்பைக் கழற்றி வெளியே விடுவது. கோயிலுக்குள் போவதற்காக அல்ல, செருப்பு தைக்கும் பட்டறைக்குள் போவதற்காக. மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரின் சரிவில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது எங்கள் பட்டறை. வாசலில் ஒரு மரப்பலகையில் மூன்று மொழிகளில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், காலணிகளை இங்கே விடவும் என்று. மண்ணோடு நமக்கிருக்கும் தொடர்பு விட்டுப்போகக் கூடாதாம். தரை என்னவோ சிமெண்ட் தரை. ஆடி மாதத்தில் அதில் வெறுங்காலோடு நின்றால் குளிர் முழங்கால் வரை ஏறும். வந்த முதல் வாரமே உடைந்த ஊசிமுனை ஒன்று என் குதிகாலில் ஏறியது. முதலாளி அனிதா மேடம் பதறி ஓடி வந்து, தானே தரையில் உட்கார்ந்து மருந்து போட்டுவிட்டார். மறுநாளும் பலகை அதே இடத்தில்தான் தொங்கியது.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் காலில் ஒன்றும் இல்லாமல் போனால் காவல்காரர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கத்தி விழும், ஆணி கிடக்கும், பசை சிந்தும். அங்கே யாரும் மண்ணைப் பற்றிப் பேசியதில்லை, காலைப் பற்றித்தான் பேசினார்கள். இருபத்தோரு வருடம் அப்பர் தைக்கும் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தேன். ஷூவின் மேல்பாகத்துக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அப்பர். எனக்கு இடப்பக்கம் ரபியா, வலப்பக்கம் வன்னியர் வீட்டுச் சாந்தி, பின்னால் காலனியிலிருந்து வந்த இரண்டு அக்கா தங்கை, நடுவில் மேரியாகிய நான். ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று தினமும் சண்டை போடுவோம், ரம்ஜான் வந்தால் எல்லாருமாகச் சேர்ந்து பிரியாணிக்குக் காத்திருப்போம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன், டைவர்சிட்டியாம். பட்டறைச் சுவரில் எங்கள் எட்டுப் பேரின் போட்டோவையும் வரிசையாக ஒட்டி, யார் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆம்பூரிலிருந்து போன் செய்கிற நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள். மூணாறு பக்கமா, கொடுத்து வைத்தவள் என்கிறீர்கள். ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான். என் வீட்டுக்காரர் ரிசார்ட் ஒன்றில் ஜீப் ஓட்ட வந்தார், நானும் பின்னாலேயே மலையேறினேன். இதில் கொடுத்து வைக்க என்ன இருக்கிறது? துவைத்த துணி நான்கு நாளானாலும் காய்வதில்லை. மழையில் அட்டைப்பூச்சி வீட்டுக்குள்ளேயே வருகிறது. கடையில் நான் வாயைத் திறந்தால், எந்த ஊர்த் தமிழ் இது என்று தமிழர்களே சிரிக்கிறார்கள். பட்டறையின் பெட்டிகளில் உள்ளூர்த் தயாரிப்பு என்று அச்சடித்திருக்கிறது. தோல் ஆம்பூரிலிருந்து வருகிறது, நூல் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது, தைக்கிற நானும் ஆம்பூர். மழை மட்டும்தான் உள்ளூர்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கார்டும் போகிறது. அதில் என் போட்டோ. தலைமுறை தலைமுறையாகக் காலணி செய்யும் மரபில் வந்தவர், பாதத்தைத் தொட்டாலே அளவை அறிபவர் என்று கீழே போட்டிருக்கிறார்கள். என் அப்பா லாரியில் கிளீனர். எங்கள் வீட்டில் ஊசியைத் தோலில் ஏற்றிய முதல் ஆள் நான்தான். செருப்பு தைப்பவர் மகளாகப் பிறந்திருந்தால் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இருந்திருக்காது. ஆனால் இல்லாததை எப்படிச் சொல்வது? மேடத்திடம் ஒருமுறை கேட்டேன்.

"இன்னா மேடம் இது, எங்க அப்பா செருப்பே தச்சதில்லையே."

"கதை வேணும் சேச்சி," என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். "கதை இல்லாம ஷூ போகாது, கேட்டோ."

அதோடு விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் போட்டோவில் நான் நன்றாக இருந்தேன். ரபியாவுக்குக்கூட அனுப்பி வைத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையில் பக்கத்து வீடு ராஜாத்தி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். என்னைவிட எட்டு வயது இளையவள். முதல் நாள் உப்புக் கேட்கப் போன என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாள், அதனால் அவள்மேல் மட்டும் என் கோபம் செல்லாது. பிறந்ததிலிருந்து சரிவில் ஏறி இறங்கிய கால் அவளுக்கு. முன்பாதம் அகலம், கட்டைவிரல் வெளியே தள்ளி நிற்கும், அதன் அடியில் எலும்பு புடைத்திருக்கும். ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸில் பழைய துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போவாள். போன மழையில் அது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி.

"அக்கா, நீங்க செருப்புக் கம்பெனிலதான இருக்கீக. என் காலுக்கு ஒண்ணு தச்சுத் தாங்களேன்," என்றாள். அடுத்த மழைக்கு முன்னால் தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்து ஜோடி விற்றால் எஸ்டேட் பெண் ஒருத்திக்கு ஒரு ஜோடி இலவசம் என்று பட்டறையில் ஒரு திட்டம் இருந்தது. சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அதற்குப் பெயர். திருப்பிக் கொடுப்பதென்றால் முன்பு எதை எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்போல இருக்கும், கேட்டதில்லை. முப்பது ஜோடி சேர்ந்தபோது, கடை அளவில் கொடுக்க வேண்டாம், ஒவ்வொருத்தர் காலையும் அளவெடுத்துத் தைக்கலாம் என்று சொன்னது நான்தான். ராஜாத்தியின் பெயரை முதலில் எழுதினேன். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராஜாத்தி வீட்டு வாசலில் பழுப்புத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். தாளின் மேல் நிற்கச் சொன்னால் ஒருத்தியும் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவளின் தலைக்கு மேலே எப்படி நிற்பது என்று எல்லாரும் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். காலைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். நம் கால் பிறர்மேல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா, அப்படி ஒவ்வொருத்தியும் என் தோளைத் தொட்டுத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். முப்பது பேர், அறுபது கால். ராஜாத்தி, "வயசுல மூத்தவுக என் காலப் பிடிக்கவா?" என்று நெளிந்துகொண்டே இருந்தாள். எனக்கோ மனசெல்லாம் குளிர்ந்துபோயிருந்தது. ஆம்பூரில் அத்தனை வருடம் தைத்தும் அந்த ஷூக்கள் போய்ச் சேர்ந்த கால் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காலின் வடிவத்தில் இருக்கும் லாஸ்ட் என்ற அச்சைத்தான் பார்த்திருக்கிறேன், அது நெளியாது. முதன்முதலாக உயிருள்ள காலைத் தொட்டு வேலை செய்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வைகாசியில் மாதா கோயில் ஹாலில் விழா வைத்தார்கள். உள்ளே போகிற எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போனோம். பெண்கள் வெறுங்காலோடு மேடையேறி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஃபாதர் ஜெபம் சொன்னார். கோயிலுக்குள் யார் ஷூவைக் காலில் மாட்டிப் பார்ப்பார்கள்? முப்பது பேரும் கையிலேயே பிடித்துக்கொண்டு மழையில் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ராஜாத்தியிடம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "ரொம்ப நல்லாருக்குக்கா," என்றாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து, அவள் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப் பாதி கழன்றிருந்தது, புடைத்த எலும்பின் மேல் தோலே இல்லை. நான் தைத்ததை நான்கு நாள் போட்டுக்கொண்டு சரிவில் ஏறியிருக்கிறாள். மற்றவர்கள் வீட்டுக்கும் ஓடினேன். எல்லார் வீட்டிலும் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. போட்டோக்காரர் மறுபடி வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்து ராஜாத்தியைத் திட்டினேன். "இன்னாத்துக்குடி மறைச்ச? இறுக்கினா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க மனசு வச்சுச் செஞ்சது. எப்படிக்கா சொல்ல?"

"நான் அளவெடுத்துத்தானே தச்சேன்!"

"அன்னைக்கு உங்க கைமேல காலப் போட்டு அழுத்தவா முடியும்? விரல மடக்கி, தூக்கித்தான் பிடிச்சிருந்தேன். எல்லாரும் அப்படித்தான்."

அறுபது கால்களும் எனக்கு மரியாதை கொடுத்துத் தங்களைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சின்ன அளவை நான் கோடு விடாமல் வரைந்து, வெட்டி, தைத்து, நெற்றியில் ஒட்டிக்கொள்ளாத குறையாகக் கொண்டாடியிருக்கிறேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்துச் செருப்புத் தைக்க உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார், ஆளை எழுப்பி நிற்க வைத்து அளவெடு என்று. பாதத்தைத் தொட்டாலே அளவை அறிபவளாம். அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பில் பாதியைக்கூட நான் பட்டறைமேல் காட்டியதில்லை.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். "மேடம், முப்பதும் தப்பு. ஒண்ணும் காலுக்குச் சேரல. நான் அளவெடுத்தது தப்பு, எனக்குக் காலளவு எடுக்கவே தெரியாது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேச்சிக்கு என்ன ஒரு விநயம்! பெரிய கலைஞர்கள் எல்லாம் இப்படித்தன்னே பேசுவாங்க."

விநயமாவது! உடம்பெல்லாம் எரிந்தது. நகம் கழன்ற காலைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடித்தான் போனார், கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் இந்த வருடம் கொடுத்தாகிவிட்டது, போட்டோவும் வெளியே போய்விட்டது, அடுத்த வருடத் திட்டத்தில் கட்டாயம் பார்க்கலாம் என்றார். மழை இப்போதே பெய்கிறது, அடுத்த வருடம் அவள் எதைப் போட்டுக்கொண்டு போவாள் என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். மற்ற ஏழு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முப்பதையும் திரும்பத் தைக்கத் தோல் கொடுங்கள், என் போட்டோ போட்ட கார்டைப் பெட்டியிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் நாளைக்கே ஆம்பூருக்கு பஸ் ஏறுகிறேன் என்றேன்.

"சேச்சி போனா இங்க யாரு தைக்கும்?" என்றார் மெதுவாக.

தோல் கிடைத்தது. கார்டை அடுத்த பிரிண்டில் மாற்றலாம் என்றார். இதை எழுதும் இன்றுவரை பழைய கார்டுதான் போய்க்கொண்டிருக்கிறது. உங்களில் யாருக்காவது அந்தப் பெட்டி வந்தால், அதை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மறுபடி அளவெடுக்க வேண்டும், ஆனால் எந்த வாசலில் உட்கார்ந்தாலும் அவர்கள் காலைத் தூக்கித்தான் பிடிப்பார்கள். ராஜாத்தியின் கால் ஆறி அவள் வேலைக்குப் போன முதல் நாள், நானும் பழுப்புத்தாளோடு கொழுந்து எடை போடும் இடத்துக்குப் போனேன். தலையில் சாக்கு நிறையக் கொழுந்தோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாரத்தில் கழுத்து விறைத்திருந்தது, இரண்டு கையும் சாக்கைப் பிடித்திருந்தன, பாதம் தரையில் முழுசாகப் பரந்திருந்தது. ஒவ்வொருத்தியையும் பூட்ஸிலிருந்து காலை உருவி, அவளவள் பழைய அளவு இருந்த தாளின் மேல் நிற்கச் சொன்னேன். குனிந்து என்னைத் தொட்டு ஒற்றிக்கொள்ள யாருக்கும் கை இல்லை. காலைத் தூக்கியே பிடித்திருந்தால் விழுந்துவிடுவார்கள். "சீக்கிரம், சீக்கிரம்," என்று சூப்பர்வைசர் கத்தினார். பெண்கள் கூச்சத்தில் சிரித்தார்கள், சிரித்தபோதும் கால் அசையவில்லை. ராஜாத்தியின் முறை வந்தது. புதுக் கோடு பழைய கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி ஓடியது.

அவளுடைய ஜோடியை முதலில் தைத்தேன். போட்டுக்கொண்டு என் வீட்டுப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள், பிறகு அதைப் போட்டுக்கொண்டே காட்டுக்குப் போனாள். சாயங்காலம் அதே காலோடு நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் தைக்கீக, உங்க காலுக்கு ஒண்ணு தச்சுக்கிடலையே. வைங்கக்கா, நான் வரையுதேன்," என்று மிச்சமிருந்த தாளைத் தரையில் விரித்தாள்.

வேண்டாம் என்றாலும் விடவில்லை. தாளின் மேல் நின்றேன். அவள் குனிந்து பென்சிலோடு என் பாதத்தைச் சுற்றி வந்தாள், பாதி வழியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா ஊனி நில்லுங்கக்கா."

நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்றேன். அவள் வரைந்து முடித்ததும் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆம்பூரில் நான் ஆறாம் நம்பர். அந்தக் கோடு ஐந்தைக்கூடத் தொடவில்லை. குனிந்து காலைப் பார்த்தேன். ஐந்து விரல்களையும் உள்ளே மடக்கி, குதிகாலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்திருந்தேன்.