கையைத் தூக்கினால் நிற்க வேண்டும்

இன்று காலை ஒரு வரப்பில்...

இதை அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பறவை கிளப் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது அவர்கள், பொறுப்பாசிரியர் நான். (ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.)

எனக்குக் காக்கா, கொக்கு தவிர எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். உள்ளான் எது, நீலத் தாழைக்கோழி எது என்று எனக்கே பாடம் எடுப்பார்கள்.

கிளப்புக்கு அவர்களே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். முன்னால் போகிறவர் பறவையைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். டீச்சராக இருந்தாலும் நிற்க வேண்டும். (டீச்சருக்காகவே போட்ட சட்டம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

இன்று சனிக்கிழமை. சம்பா கதிர் பிடித்து நிற்கிறது. வரப்பில் பனி ஈரம். பிள்ளைகள் வரிசையாக நடக்க, எல்லோருக்கும் முன்னால் ஜெனிபர் போனாள். ஒல்லியான பெண், வகுப்பில் பேசவே மாட்டாள், பறவை என்றால் மட்டும் கண் விரியும். வரப்பு திரும்புகிற இடத்தில் எங்களைவிட்டு நன்றாகத் தள்ளிப் போய்விட்டாள்.

நாங்கள் அந்தத் திருப்பத்துக்கு வந்து பார்த்தால், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு கை மேலே.

பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. பறவை எதுவும் கண்ணில் படவில்லை.

"ஜெனிபர், என்னம்மா அங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா."

தூக்கிய கை இறங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பின்னால் நின்ற பிரவீன் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ், போகாதீங்க. கை தூக்கியிருக்கா."

"அட விடுடா, பறவையாவது ஒண்ணாவது."

அப்போதுதான் ஜெனிபர் தலையை மட்டும் திருப்பினாள். முகமெல்லாம் கண்ணீர். இன்னொரு கையால் மெதுவாகக் கீழே காட்டினாள்.

வரப்புப் புல்லுக்குள் மெல்லிசாக ஒரு கம்பி. அவளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இருந்ததைத் தெரியாமலேயே தாண்டிப் போயிருக்கிறாள். என் காலுக்கும் அதற்கும் நடுவே நாலு எட்டு கூட இருக்காது.

எலிக்குக் கரண்ட் வைக்கிற கம்பி. மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்து வயலைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். எலி மட்டும்தான் சாகும் என்று நினைத்துக்கொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

பிரவீன் முணுமுணுத்தான். "மிஸ்... இது எங்க வயலு. பகல்ல ஆஃப் பண்ணிருவாரு மிஸ். எங்கப்பா பண்ணிருவாரு."

என் போனில் அவன் அப்பாவைக் கூப்பிட்டான். "அப்பா, எலிக் கம்பிய ஆஃப் பண்ணியாப்பா? அப்பா, சொல்லுப்பா."

அந்தப் பக்கம் பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் வந்து சேரும்வரை நான் அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வேன்? ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது. மாதாவே, யேசுவே, முருகா என்று யாரையும் விடவில்லை.

பிரவீனின் அப்பா கொட்டகையிலிருந்து கத்தினார். "அணைச்சாச்சு டீச்சர். வரச் சொல்லுங்க."

ஜெனிபர் அசையவில்லை.

அவரே வயலுக்குள் இறங்கி ஓடி வந்தார். கம்பியை வெறும் கையால் இறுக்கிப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாரு பாப்பா, புடிச்சிருக்கேன். ஒண்ணும் இல்ல. வாம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் காலை எடுத்து வைத்தாள். என் மேல் வந்து விழுந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன்டி ஒரு குரல் குடுக்கல?"

"கத்துனா எல்லாரும் ஓடி வந்துருவீங்க மிஸ். கம்பி உங்க பக்கமும் இருந்துச்சு."



பிரவீனின் அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "போட்டுத்தான் இருந்துச்சு டீச்சர். நைட்டு மட்டுந்தான் போடுவேன். காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற அவசரத்துல மறந்துட்டேன்." பிறகு, "வெளிய சொல்லிடாதீங்க, கேஸாயிடும்" என்றார். மகனைப் பைக்கில் ஏறச் சொன்னார். பிரவீன் ஏறவில்லை. எங்களோடு நடந்தே வந்தான், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஜெனிபரை வீட்டில் விடும்போது அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். கிளப்பை மூடிவிடுவார்கள், என் வேலைக்கும் ஆபத்து, பிரவீன் வீட்டில் போலீஸ். பயம்தான், வேறென்ன. ஆனால் பெற்றவளிடம் எப்படி மறைப்பது? பொழுது சாயும் நேரத்தில் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை.

"டீச்சர்... நாங்களும் குத்தகை வயல்ல கம்பி கட்டியிருக்கோங்க. எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் சுவிட்ச் போடப் போனாரு."

போனைக் கட் பண்ணவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் ஓடுவதும், "ஏங்க, போடாதீங்க" என்று கூப்பிடுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதைப் படிக்கிற நம்ம பக்கத்துக்காரர்களே, உங்கள் வயலுக்கு இப்போது யார் போயிருக்கிறார்கள்?