ஆடு தின்ற மாதிரி

புதூர் சாலையோரக் கரிசலில் குனிந்து புல் அறுக்கிறேன். வெளிநாட்டு அணு உலை ஒன்று வெடித்துவிட்டது. அதன் தூசி இங்கே படிந்திருக்கிறதா என்று சோதிக்கப் புல் மாதிரி வேண்டும். திரும்பிப் பார்த்தால் பை காலி. வெள்ளாடு ஒன்று கடைசிப் புல்லை மென்றுகொண்டிருக்கிறது.

ஆட்டுக்காரப் பெண் பதறி ஓடிவருகிறார். "அண்ணாச்சி, ஆட்டுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?"

கதிர்வீச்சு அளக்கும் கருவியை ஆட்டின் வயிற்றருகே பிடிக்கிறேன். "ஒண்ணுமில்லம்மா, சாதாரண அளவுதான்."

அவர் விடுவதாக இல்லை. வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருக்கும் கணவரைக் காட்டுகிறார். "இவியளையும் பாருங்க. காலையிலயிருந்து உம்முன்னு இருக்காவ."

பார்க்கிறேன். "ஆட்டுக்கு உள்ள அதே அளவுதாம்மா."

"நான் எத்தன வருசமா சொல்லுதேன்!"

கணவர் சிரித்துவிடுகிறார். எழுந்து வந்து, அரிவாளை வாங்கி, எனக்கு அவரே புல் அறுத்துத் தருகிறார்.