ஆக்ஸிலேட்டர் பிடிக்கிறது

அக்கா இறந்ததிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். வேலை மட்டும் கை பாட்டுக்கு நடக்கிறது. மன்னார்குடிக்கு வெளியே பழைய கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை என்னுடையது.

அக்கா கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகனும் மருமகளும் சிங்கப்பூரில். பேத்திகள் இருவரையும் காலையில் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வருவது அவர் பொறுப்பு. அக்கா போன பிறகு அவரைப் படுக்கையை விட்டு எழுப்புவது அந்த ஒரு வேலைதான். அவர் ஓட்டும் கார் கார்புரேட்டர் காலத்துப் பழசு.

தை அறுவடை சமயத்தில் பட்டறைக்கு வந்தார். ஆக்ஸிலேட்டர் பிடிக்கிறது, காலை எடுத்தாலும் வேகம் குறையவில்லை என்றார். பானட்டைத் திறந்து கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்தேன். உள்கம்பியில் இழை பிரிந்து உறையில் உரசிக்கொண்டிருந்தது. புதிது போட்டேன். எஞ்சின் சூடு படாமல், எங்கும் மடங்காமல் அகலமாக வளைத்துக் கொண்டுபோய், கார்புரேட்டர் பக்கம் ஒரு நூல் தளர்வு விட்டுப் பூட்டினேன். இழுத்து விட்டால் படக்கென்று திரும்பியது.

சில நாளில் அதே புகாரோடு வந்தார். பெடலைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேன். மறுவாரமும் வந்தார். டூப்ளிகேட் சாமானை என் தலையில் கட்டிவிட்டாய், சொந்தக்காரன் புத்தி இதுதான் என்று வாசலிலேயே சத்தம் போட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல மாதங்களில் உருப்படியாக வந்த உணர்ச்சி அது ஒன்றுதான். எங்கே, ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வாய்க்கால் கரைச் சாலையில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இன்னும் தூரத்தில் இருந்தோம்.

“பாரு மாப்ள, இப்ப காலை எடுத்துட்டேன். வேகம் குறையுதா?”

குறையவில்லை. கீழே பார்த்தேன். அவருடைய வலது கால் பெடலை அமுக்கியபடி அப்படியே கிடந்தது. செருப்பு கழன்று ஓரமாகக் கிடந்தது; அதுவும் அவருக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். நெல்லுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது.

“மச்சான், கால் அதுமேலதாங்க இருக்கு.”

அவர் நம்பவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே பிடித்து, காலைப் பெடலிலிருந்து தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்.

ஒரு பெண் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேபிள் பிடித்துக்கொண்டது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நானும் ஆமாம் என்றேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவள் போனதும் கதவைத் திறந்தார். உடனே இறங்கவில்லை.

“நேத்தும் இப்படித்தான் ஓடுச்சு மாப்ள. புள்ளைங்க பின்னால இருந்துச்சுங்க. தாத்தா ரேஸ் ஓட்டுறாருன்னு சின்னவ கை தட்டுனா.”

இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.